நாற்பத்தொன்பதாவது எழுத்து

நீளமான பெயர் வைத்திருப்பவர்கள் மேல் எனக்கு ஒருபோதும் வருத்தம் இருந்ததில்லை. என் மனைவியின் பெயரே நீளம்தான். எந்தப் படிவத்திலும் கட்டம் தீர்ந்த பிறகும் அவள் பெயரில் இரண்டு எழுத்து பாக்கி இருக்கும். அந்த இரண்டையும் ஓரத்தில் பொடியாக எழுதிவிட்டு, "கட்டம் போட்டவன் மனுஷங்களோட பழகாதவன் போல" என்பாள். கட்டம் போடுவதுதான் என் பிழைப்பு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்வாள்.

தண்ணீர் கொண்டுவந்து வைத்ததற்கு நன்றி. முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். அப்படியென்றால் பெட்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கம்பியில் மாட்டியிருக்குமே, சிரிஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி மருந்து ஏற்றும் பம்ப், அந்தப் பெட்டிக்குள் ஓடும் இயங்குதளம் நான் எழுதியது. கம்பெனி எழுதியது என்று சொல்வதுதான் முறை. ஆனால் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்து அதை எழுதிய ஆள் நான் ஒருவன்தான். இன்று பதினோராயிரம் கட்டில்களுக்குப் பக்கத்தில் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

அதில் ஒரு நாற்பது வரி உண்டு. நர்ஸ் தட்டுகிற குறிப்பை வாங்கிப் பத்திரப்படுத்தும் பகுதி. 'இடது கை', 'அலர்ஜி உண்டு' என்பது மாதிரிக் குறிப்புகள். அந்த நாற்பது வரியையும் கம்பெனியில் பெரிதாக அச்சடித்து, கண்ணாடி போட்டு, கேன்டீனுக்குப் போகும் நடையில் மாட்டியிருந்தார்கள். மேலே ஒரு சின்ன விளக்கு. வேலைக்குப் புதிதாகச் சேர்கிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பதினோரு வருஷமாக அந்த நடையில் தினமும் நூற்றைம்பது பேர் சாப்பிடப் போனார்கள். எல்லாரும் நிரல் எழுதத் தெரிந்தவர்கள். ஒருவர்கூட அதைப் படிக்கவில்லை.

படித்திருந்தால் தெரிந்திருக்கும். கணினியின் நினைவகம் ஒரு நீளமான அலமாரி. அறைக்கு ஓர் எழுத்து. குறிப்புக்கு நான் நாற்பத்தெட்டு அறை ஒதுக்கினேன். அதற்கு அடுத்த அறையில், அதாவது நாற்பத்தொன்பதாவதில், மருந்து ஏற வேண்டிய வேகம் இருந்தது. வருகிற எழுத்தை எண்ணிப் பார்த்து, நாற்பத்தெட்டு ஆனதும் நிறுத்த வேண்டும். நான் எண்ணவில்லை. யாராவது ஓர் எழுத்து கூடுதலாகத் தட்டினால் அது பக்கத்து அறையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே இருந்த எண் போய்விடும். பஃபர் ஓவர்ஃப்ளோ என்று இதற்குப் பேர். எங்களுக்குள் 'வழிஞ்சுடுச்சு' என்று சொல்வோம். ரொம்பப் பழைய தவறு. படித்து முடித்து வருகிறவர்களுக்கு முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுப்பது. நான் எழுதிய காலத்தில் நினைவகம் குறைச்சல், அவகாசமும் குறைச்சல். இரண்டு சொல்லுக்கு மேல் எந்த நர்ஸ் எழுதப் போகிறார் என்று விட்டுவிட்டேன்.

வேறு இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பிறகு நீங்கள் கேட்க வேண்டியிருக்கும். வேகத்தை மாற்ற வேண்டுமென்றால் இரண்டு நர்ஸுகள் தங்கள் ரகசிய எண்ணைத் தட்ட வேண்டும். குறிப்பு எழுத எதுவும் வேண்டாம். யார் வேண்டுமானாலும் எழுதலாம். அடுத்தது, திரையில் தெரிகிற வேகம் ஒரு நகல். உள்ளே இருக்கிற எண் மாறினாலும் திரையில் பழையதே நிற்கும். எண் அடிக்கடி துடித்தால் நோயாளியின் வீட்டார் பயப்படுவார்கள் என்று நான்தான் அப்படி வைத்தேன்.

பெட்டிகள் மாதத்துக்கு ஒரு முறை, தங்களுக்குள் நடந்ததையெல்லாம் பதிந்த நாட்குறிப்பை, நோயாளியின் கேஸ் விவரத்தோடு எங்களுக்கு அனுப்பும். அவற்றைப் படிப்பது என் வேலை இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து படிப்பேன். சிலர் குறுக்கெழுத்துப் போடுவதில்லையா, அதுபோல. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படிப் படிக்கும்போது ஒரு பாட்டு வாத்தியாரின் கட்டில் வந்தது. எழுபத்திரண்டு வயது. இடுப்பு எலும்பு ஆபரேஷன். வலிக்கு மருந்து மணிக்கு இரண்டு மில்லி. அங்கே இருந்த நர்ஸ் நன்றாகப் படித்த பெண் போலிருக்கிறது. குறிப்பை முழு வாக்கியமாக எழுதி, கடைசியில் ஒரு முற்றுப்புள்ளியும் வைத்திருந்தார். அந்தப் புள்ளி நாற்பத்தொன்பதாவது எழுத்து.

கணினிக்குள் எழுத்து என்று ஒன்று கிடையாது, எல்லாம் எண்தான். முற்றுப்புள்ளி என்றால் நாற்பத்தாறு. மணிக்கு இரண்டு மில்லி போக வேண்டிய மருந்து நாற்பத்தாறு மில்லி போயிருக்கிறது. திரையில் இரண்டு என்றே இருந்திருக்கிறது. வாத்தியாருக்கு வயசாகிவிட்டது, இருதயம் தாங்கவில்லை என்று டாக்டர்கள் எழுதி முடித்திருந்தார்கள்.

திருத்துவது ஒரு வரி. எனக்கு நாலு நிமிஷம் ஆகும். ஆனால் எதைத் திருத்தினாலும் காரணம் எழுத வேண்டும். காரணம் எல்லா ஆஸ்பத்திரிக்கும் போகும். போனால் யாராவது ஒருவர் பழைய நாட்குறிப்பைப் புரட்டுவார், வாத்தியார் வீட்டுக் கதவைத் தட்டுவார். அழுது முடித்து எழுந்து நின்ற குடும்பம். ஆறின புண்ணைக் கீறிவிட எனக்கு மனசு வரவில்லை. நாட்குறிப்பை மூடிவிட்டுச் சாப்பிட்டேன்.

பதினோரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகுதான் சல்லடை. அவள் எங்கள் சோதனைப் பிரிவில் இருந்தாள். முப்பது, முப்பத்தொன்று வயசு இருக்கும். எதையும் சல்லடை போட்டுத் தேடுவாள் என்பதால் அந்தப் பேர். அவளே அப்படித்தான் சொல்லிக்கொள்வாள். போனை எடுத்தால் "சல்லடை பேசறேன்" என்பாள். வந்த முதல் வாரமே கேன்டீன் கடிகாரம் இரண்டு நிமிஷம் பின்னால் ஓடுகிறது என்று கண்டுபிடித்து, ஸ்டூல் போட்டு ஏறி அவளே சரிசெய்தாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். இதைச் சொல்லும்போது நீங்கள் பேனாவை நிறுத்திவிட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், அது உண்மை.

ஒரு காலை அவள் டீக்கோப்பையோடு அந்தக் கண்ணாடிச் சட்டத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். அவள் உதடு அசைந்தது. வரி வரியாகப் படிக்கிறாள் என்று புரிந்தது. டீ ஆறிக்கொண்டிருந்தது.

"சார்," என்றாள் திரும்பி. "இதுல எழுத்தை எண்றது எந்த வரியில வருது?"

"வேற இடத்துல வரும்மா," என்றேன்.

"எந்த இடத்துல சார்? நானும் பார்த்துக்கறேன்."

"தேடித்தான் சொல்லணும்."

அன்று மதியமே ஒரு பெட்டியைத் தன் மேசையில் வைத்துக்கொண்டு நீளநீளமாகக் குறிப்பு தட்டியிருக்கிறாள். நாலு மணிக்கு என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். முகம் வெளுத்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் நேராக டிக்கெட் போட்டு, அதாவது பிழை என்று பதிவு செய்து, நிறுவனம் முழுக்கத் தெரியும்படி செய்திருப்பார்கள். அவள் செய்யவில்லை.

"சார், வழியுது. வேகத்து மேலேயே போய் விழுது. திரையில தெரியவே மாட்டேங்குது. உங்ககிட்ட சொல்லிட்டு டிக்கெட் போடலாம்னு வந்தேன்."

"ஒரு வாரம் குடும்மா. நானே சுத்தமா பண்ணித் தரேன்."

"ஒரு வரிதானே சார்?"

"ஒரு வரியாத்தான் தெரியும். இழுத்தா எங்கெங்க வரும்னு பார்க்கணும்ல."

கொடுத்தாள். ஒரு வாரம் ஆனதும் இன்னொரு வாரம் கேட்டேன், அதையும் கொடுத்தாள். தினமும் காலையில் என் அறை வாசலில் எட்டிப் பார்ப்பாள், நான் தலையை ஆட்டுவேன், போய்விடுவாள். இரண்டாவது வாரத்தின் வியாழக்கிழமை அவள் உள்ளே வந்து உட்காரவே இல்லை. நின்றுகொண்டே பேசினாள்.

"சார், எனக்கு ராத்திரி தூக்கம் வரல. எங்கயாவது ஒரு நர்ஸ் நாலு வார்த்தை கூட எழுதிட்டா என்ன ஆகும்னே மனசு ஓடுது. திங்கக்கிழமை காலையில டிக்கெட் போட்டுடறேன். நீங்க சங்கடப்படாதீங்க. யார் எழுதின பகுதின்னு குறிப்பிடாம, உங்க பேர் எங்கயும் வராம எழுதறேன்."

அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அந்தப் பகுதி யார் எழுதியது என்று கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவருக்குக்கூடத் தெரியும், சட்டத்தின் அடியில் என் பேர் பித்தளைத் தகட்டில் இருந்தது. பேர் வராமல் எழுதுகிறேன் என்று ஒருவர் நம்மிடம் சொல்லும்போது, நம்மைப் பார்த்துப் பாவம் என்று நினைக்கிறார் என்று அர்த்தம். இருபது வருஷத்தில் யாரும் என்னைப் பார்த்து அப்படி நினைத்ததில்லை. "சரிம்மா," என்றேன்.

வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. பித்தப்பையில் கல், வயிற்றுவலி தாங்க முடியாமல் அவசரமாக ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்று மேலாளர் சொன்னார். இதில் என் கை எதுவும் இல்லை. நான் தேடிப் போகவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம், பார்வையாளர் நேரத்தில், ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். இரண்டாவது மாடி, பதினான்கு கட்டில் உள்ள வார்டு, அவளுக்கு ஜன்னலோரம். புருஷன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர். முந்தின நாள் போட்ட காக்கிச் சட்டையை இன்னும் மாற்றவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "உங்களைப் பத்தி நிறைய சொல்லுவா சார்," என்றார்.

அவள் பாதி மயக்கத்தில் இருந்தாள். கம்பியில் நம் பெட்டி. மணிக்கு இரண்டு மில்லி. சிரிஞ்சு அப்போதுதான் மாற்றியிருந்தார்கள், நிறைய இருந்தது. என் பார்வை அங்கே போனதை அவள் கவனித்துவிட்டுச் சிரித்தாள்.

"நம்ம பொட்டிதான் சார். நர்ஸ்கிட்ட சொல்லிட்டேன், இதுல குறிப்பு நீளமா எழுதாதீங்கன்னு. ஏன்னு கேட்டாங்க. திங்கக்கிழமை உலகத்துக்கே தெரியும்னு சொன்னேன்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சு சீராக வந்தது. நான் புருஷனிடம், "தம்பி, காலையிலேர்ந்து இங்கேயே இருக்கீங்க போல. கீழ போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. நான் இருக்கேன்ல," என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான் பெட்டியின் பக்கத்தில் போய் நின்று குறிப்புப் பக்கத்தைத் திறந்தேன். நன்றாக ஓய்வெடுத்துக்கொண்டு சீக்கிரம் குணமாகி வர வேண்டும், எல்லாரும் காத்திருக்கிறோம் என்ற பொருளில் ஒரு வாக்கியம் எழுதினேன். மனசில் இருந்ததைத்தான் எழுதினேன். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எழுத்தும் இடைவெளியும் சேர்ந்து நாற்பத்தெட்டு வரும்படி இரண்டு இடத்தில் சொல்லை மாற்ற வேண்டியிருந்தது. பிறகு முற்றுப்புள்ளி வைத்தேன். பெட்டிக்குள் மோட்டாரின் சத்தம் கொஞ்சம் மாறியது. தெரிந்தவர்களுக்குத்தான் அது கேட்கும். திரையில் இரண்டு என்றே நின்றது.

வார்டுக்கு வெளியே நடையில் ஒரு பெஞ்ச் உண்டு. புருஷன் டீ குடித்துவிட்டுப் படியேறி வந்தபோது நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். "இப்பத்தான் நல்லா அசந்து தூங்குறா. எழுப்ப வேண்டாம். இப்படி உட்காருங்க," என்றேன். உட்கார்ந்தார். பேசிக்கொண்டிருந்தோம். அவர் பஸ்ஸில் ஒரு குழந்தை தினமும் அதே வளைவில் வாந்தி எடுக்குமாம். அதற்காகவே அந்த வளைவில் வண்டியை நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவந்துவிடுவாராம், பின்னால் எத்தனை பேர் ஹாரன் அடித்தாலும். நடுவில் இரண்டு முறை எழுந்து, "ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன் சார்," என்றார். இரண்டு முறையும் நான் அவர் முழங்காலில் கை வைத்து உட்கார வைத்தேன். நல்ல மனுஷர்.

சிரிஞ்சில் மருந்து தீர்ந்ததும் மணி அடிக்க வேண்டும் என்று எழுதியதும் நான்தான். சரியாக அடித்தது. அடித்தபோது ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

நர்ஸ் ஓடினார், பிறகு டாக்டர் ஓடினார். புருஷன் பெஞ்சிலிருந்து எழுந்தவர் கதவு வரை போய் அங்கேயே நின்றுவிட்டார். உள்ளே போகச் சொல்லி நான்தான் முதுகில் கை வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள், "என்னங்க, அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?" "போயிட்டா," என்றேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள் அவளை, அலுவலக விருந்தில். அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

விசாரணைக் குழு வைத்தார்கள். பெட்டியைப் பற்றி விளக்க ஒரு நிபுணர் வேண்டும் என்றார்கள். என்னைத் தவிர யார் இருக்கிறார்கள். பலகையில் அலமாரி வரைந்து, கட்டம் போட்டு, எழுத்து எப்படி வழிகிறது என்று நான்தான் காட்டினேன். நாட்குறிப்பில் அந்த வாக்கியம் அப்படியே இருந்தது. அன்பான நர்ஸ் ஒருவர் நோயாளிக்கு ஆறுதலாக எழுதியிருக்கிறார், நீளம் கூடிவிட்டது என்று குழு முடிவுக்கு வந்தது. அன்று வார்டில் இருந்த நர்ஸ் திட்டவட்டமாக மறுத்தார். நீளமாக எழுதாதே என்று நோயாளியே தன்னிடம் சொன்னதாகச் சொன்னார். குழுத் தலைவர் என்னைப் பார்த்தார். "அந்த மருந்து ஏறும்போது நோயாளி என்ன வேணாலும் பேசுவாங்க," என்றேன். அது பொதுவாகச் சரிதான். நர்ஸை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். எல்லாப் பெட்டியிலும் 'குறிப்பைச் சுருக்கமாக எழுதவும்' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஸ்டிக்கர் என் யோசனை; நிரலில் கை வைத்தால் சோதித்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும் என்று சொல்லியிருந்தேன்.

பத்து நாள் கழித்து நர்ஸ் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வரவேற்பறையில் அரை நாள் காத்திருந்திருக்கிறார். என்னைக் கண்டதும் எழுந்து, "சார், உங்களுக்குத்தான் அந்த மெஷின் முழுசாத் தெரியும்னு சொன்னாங்க. யார் எழுதினாங்கன்னு அது காட்டாதா?" என்று கேட்டார்.

"காட்டாதும்மா."

"நான் எழுதல சார். பதினாலு கட்டில். எனக்கு அவ்வளவு எழுத எங்க நேரம்? எங்க அம்மாகூட நம்ப மாட்டேங்கறாங்க. தெரியாம எழுதிட்டேன்னு ஒத்துக்கோடீ, விட்ருவாங்கங்கறாங்க." பிறகு கொஞ்ச நேரம் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். "சில நேரம் எனக்கே சந்தேகமா இருக்கு சார். ஒருவேளை எழுதிட்டேனோன்னு."

அவருக்காகத்தான் நான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நிரபராதிக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அது தாங்கிக்கொள்ளக் கூடியது இல்லை.

உடனே ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். நர்ஸ் வந்துபோய் ஆறு வாரம் ஆகிறது, ஒப்புக்கொள்கிறேன். நேற்று மேலாளர் என்னைக் கூப்பிட்டார். நடையில் இருந்த சட்டத்தைக் கழற்றி அவர் அறையில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள். "சார், பழசை மொத்தமாத் தூக்கிட்டுப் புதுசா எழுதப் போறோம்," என்றார். "அது தானா எப்ப என்ன பண்ணும்னு தெரியாதுன்னு கமிட்டியே எழுதிருச்சு. நம்ப முடியாதுங்கறாங்க." அறிக்கையை என் பக்கம் தள்ளினார். முப்பத்தொன்றாம் பக்கத்தில் அப்படியே இருந்தது. தானாக.

தானாக அது ஒன்றும் செய்யவில்லை. நான் செய்தேன். அந்தப் பெண்ணைக் கொல்ல வேண்டும் என்று நினைத்து, எழுத்தை எண்ணி, அவள் தூங்குவதற்குக் காத்திருந்து, அவள் புருஷனை வெளியே அனுப்பிச் செய்தேன். இதில் எந்த இடத்திலாவது என் நிரல் சொன்னதைக் கேட்காமல் இருந்ததா என்று பாருங்கள். பாட்டு வாத்தியார் விஷயம் வேறு. அவருக்கு எப்படியும் இருதயம் பலவீனம்.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். தண்டனை பற்றி எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இரண்டே இரண்டு விஷயம் மட்டும் மேலாளருக்குத் தெரியப்படுத்த வேண்டும். மொத்தமாக மாற்றி எழுத வேண்டிய அவசியம் கிடையாது; ஒரு வரி போதும், இங்கேயே ஒரு கணினி கொடுத்தால் நாலு நிமிஷத்தில் போட்டுத் தருகிறேன். பதினோராயிரம் கட்டிலிலும் இன்று சாயங்காலத்துக்குள் ஏற்றிவிடலாம். ஆனால் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிற அறிவிப்பில் 'பிழைதிருத்தம்' என்று போடக் கூடாது, 'மேம்பாடு' என்று போட வேண்டும். அதை எழுத்தில் உறுதி கொடுக்கும் வரை நான் அந்த வரியைச் சொல்லப் போவதில்லை. ஓர் உயிர் போயிருக்கிற விஷயம். அவசரத்தில் ஒரு தப்பான சொல் விழுந்துவிடக் கூடாது பாருங்கள்.